கன்னியப்பன் பாரை

முத்தியால்பேட்டைச் சந்துமுனையில்
சிமெண்டு கட்டையில் நட்டிருந்தான் அதை.
ஒரு குத்து, ஒரு திருகு,
மட்டை மூன்றாய்ப் பிளந்து விழும்.
சட்னிக்குத் தேங்காய் வாங்கப் போனவள்
முனையைப் பார்த்துவிட்டு
மீதிச் சில்லறையை மறந்தேன்.

பாரைக்கு எதற்கு நாலு விளிம்பு?
கோரிமேட்டு ஆய்வகத்தில்
ரத்தச் சீட்டுகளில் நாளெல்லாம் நான் போடும்
அதே கூட்டல் குறி
இரும்பின் நுனியில் எழுந்து நின்றது.

பிரெஞ்சுக்காரன் துப்பாக்கி ஈட்டி.
முதல் உலகப் போர், அல்லது அதற்கும் முன்.
சொல்லவில்லை.
"இது மாதிரி புதுசா ஒண்ணு செஞ்சு தந்தா
பழசைக் குடுப்பீங்களா?" என்றேன்.
ஏற இறங்கப் பார்த்தான் கன்னியப்பன்.
"பைத்தியமா மேடம்?" என்று கேட்கவில்லை,
கண்ணால் கேட்டான்.

மேட்டுப்பாளையம் லேத்துப் பட்டறையில்
ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு அடித்த பாரையைக் கொடுத்து
கட்டையோடு ஆட்டோவில் ஏற்றினேன்.

பதினேழு இரவு.
சுத்தியல் தொடவில்லை.
மூங்கில் குச்சி, பல்குத்தும் குச்சி,
காய்ச்சி ஆறிய தண்ணீர் துளித் துளியாய்.
சிமெண்டு பல்லைப் பல்லாய் விட்டுக்கொடுத்தது.
பிடி பித்தளை இல்லை,
வெள்ளி மாதிரி வெளுத்த உலோகம்.
குறுக்குக் காப்பில் கொக்கி இருந்த இடம்
அறுத்து ராவியிருக்கிறது. கன்னியப்பன் வேலை அல்ல,
போர் நடுவே பட்டாளமே வெட்டச் சொன்னது.
பக்கத்தில் ஓர் எழுத்து, ஐந்து எண்.

எண் கிடைத்தால் ஆள் கிடைப்பான் என்று
நானும் நம்பியவள்தான்.
எண் இரும்பின் எண். பிடித்த கைக்கு எண்
வேறு ஏட்டில், வேறு ஊரில்.

குருசுக்குப்பத்தில் இடித்த வீட்டிலிருந்து வந்ததாம்.
அந்தத் தெருவில் சொல்தா வீடு மூன்று.
மூன்றிலும் காப்பி கொடுத்தார்கள்.
மூன்றிலும், "எங்க பெரியப்பாவோடது."
ஒரு பெரியப்பா அல்ஜீரியா.
அந்தச் சண்டைத் துப்பாக்கியில் இது மாட்டாது, மதாம்,
என்று சொல்ல வாயெடுத்து
பிஸ்கோத்தைக் கடித்துக்கொண்டேன்.

பொருளை வாங்கு, கதையை வாங்காதே.
இந்தத் தொழிலில் முதல் பாடம்.
கதை ஓசியில் வந்தால் என்ன செய்வது
என்று எவரும் சொல்லித் தரவில்லை.

துருவில் இரண்டு ஜாதி.
கறுத்து இறுகியது காவல்காரன், இருக்கட்டும்.
சிவந்து உதிர்வதுதான் திருடன்.
எண்ணெய் தொட்டு, செப்பு ஊசியால் நிமிண்டி,
மெல்லிசாய் மெழுகு.
கடல் நாலு தெரு தள்ளி. காற்றே உப்பு.
மாத்திரை டப்பாவில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை
ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டு வாங்குகிறேன்.

நுனியில் மட்டும் புரியாத குழிகள்,
அம்மைத் தழும்பு போல.
அவனையே கேட்டேன்.
"ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் குத்துவேன் மேடம்,
அது வாடி விழுற வரைக்கும் எடுக்கமாட்டேன்."
பதினாறு வருஷப் பழம்.
அமிலம் எழுதிய கையெழுத்து.
அதைத் தேய்த்து அழிக்க மனம் வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் வந்தான்,
பாரையைப் பார்க்க.
கையுறை நீட்டினேன், சிரித்தான்.
வெறும் கட்டைவிரலால் விளிம்பைத் தடவினான்.
"எத்தனை பேரைக் குத்திச்சாம்?"
தெரியாது என்றேன். தெரியவே தெரியாது.
"தேங்காய்க் கணக்கு கேட்டா நான் சொல்லுவேன்.
நாளைக்கு நூறு. கல்யாண மாசம் இருநூறு.
நீங்க குடுத்த புதுசு வழுக்குது."

அவன் போனதும்
விரல் பட்ட இடத்தைத் துடைத்தேன்.
வியர்வை உப்பு, விட்டால் காலைக்குள் பூக்கும்.

பிறகு அட்டையில் எழுதினேன்:
உறை இல்லை.
கொக்கி நீக்கப்பட்டது.
வைத்திருந்தவர்: தெரியாது.
அடுத்து வைத்திருந்தவர்: தெரியாது.
அடுத்து, கன்னியப்பன், முத்தியால்பேட்டை,
சுமார் ஆறு லட்சம் தேங்காய்.